அவரைப் பந்தலில் அசுவினி: பொறிவண்டுகளை விலைக்கு வாங்கி விடலாமா?

நாகமலை வாசகி (வினா):

அனைவருக்கும் வணக்கம். நாகமலை புதுக்கோட்டையில், வீட்டின் பின்புறமுள்ள மூன்று சென்ட் நிலத்தில் நான்கு ஆண்டுகளாகக் காய்கறி பயிரிட்டு வருகிறேன். ஆடியில் ஊன்றிய நாட்டு அவரை கார்த்திகையில் பூவெடுத்துப் பந்தல் முழுவதும் நன்றாகவே படர்ந்திருந்தது. மார்கழிப் பனி இறங்கத் தொடங்கியதும் கொழுந்துகளிலும் பூங்கொத்துகளிலும் கறுப்பு அசுவினி வந்து அப்பிக்கொண்டது. எங்கள் பகுதியில் இதைப் பேன் என்றே சொல்வார்கள். இப்போது பூங்கொத்தின் காம்பே கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மொய்த்திருக்கிறது. கீழ் இலைகள் பிசுபிசுப்பாகி, அவற்றின்மேல் கரி பூசியது போலக் கரும்பூசணம் படர்கிறது.

ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது காதி சோப்புக் கரைசலும் கலந்து மூன்று நாளுக்கு ஒருமுறை என இதுவரை நான்கு முறை தெளித்துவிட்டேன். இடையில் ஒருமுறை இஞ்சி, பூண்டு, பச்சைமிளகாய்க் கரைசலும் தெளித்தேன். என் மாமியார் தம் வழக்கப்படி அடுப்புச் சாம்பலைத் தூவினார். ஒவ்வொரு முறையும் இரண்டு நாள் குறைந்ததுபோல் தோன்றுகிறது. மூன்றாம் நாள் பழைய நிலைக்கே வந்துவிடுகிறது.

இதற்கிடையே சென்ற வாரம் ஒரு தவறு செய்துவிட்டேன். கருஞ்சாம்பல் நிறத்தில் ஆரஞ்சுப் புள்ளிகளுடன், முதலைக் குட்டியைப் போல நீண்ட உடலும் ஆறு கால்களும் கொண்ட சிறு புழுக்கள் கொழுந்துகளில் ஊர்ந்துகொண்டிருந்தன. புதிதாக ஏதோ பூச்சி வந்துவிட்டது என்று எண்ணி, முப்பதுக்குக் குறையாமல் விரலாலேயே நசுக்கிவிட்டேன். அவை அசுவினியைத் தின்னும் பொறிவண்டின் குஞ்சுகள் என்று என் மகன் கைப்பேசியில் படம் காட்டிய பிறகுதான் தெரிந்தது.

ஆகவே என் கேள்விகள் இவை. பொறிவண்டுகளை எங்கேனும் விலைக்கு வாங்கித் தோட்டத்தில் விட முடியுமா? இணையத்தில் ஒருவர் பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியின் முட்டை அட்டைகளை விற்பதாக விளம்பரம் செய்கிறார், அவை பயன்படுமா? கத்தரிப் பாத்தியிலும் புள்ளி வைத்த வண்டுகள் நிறைய இருக்கின்றன; அவற்றைப் பிடித்து அவரையில் விடலாமா? பொங்கலுக்கு இன்னும் பன்னிரண்டு நாள்களே உள்ளன. அதற்குள் ஒரு குழம்புக்கேனும் காய் தேறுமா என்பதுதான் வீட்டில் எல்லோருடைய கவலையும்.

ஒத்தக்கடை, ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர்:

அம்மா, வணக்கம். நசுக்கியதை எண்ணி வருந்தாதீர்கள். பணியில் இருந்த காலம் முழுவதும் நான் கண்டது இதுதான்: பொறிவண்டைக் காட்டினால் எல்லா உழவர்களும் பெயர் சொல்வார்கள், அதன் புழுவைக் காட்டினால் மருந்தடிக்கக் கிளம்பிவிடுவார்கள். ஆனால் நீங்கள் முப்பது புழுக்களைக் கண்டீர்கள் என்பதே உங்கள் முதல் கேள்விக்கு விடையாகிவிடுகிறது. யாரும் வாங்கி விடாமலே அவை உங்கள் பந்தலுக்கு வந்து, முட்டையிட்டு, குஞ்சும் பொரித்திருக்கின்றன.

கத்தரிப் பாத்தியில் இருப்பவற்றை முதலில் பார்த்துவிடுவோம், ஏனெனில் அதில்தான் அவசரம் இருக்கிறது. அவை பெரும்பாலும் எபிலாக்னா என்னும் வண்டாகவே இருக்கும். அதுவும் பொறிவண்டுக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் என்றாலும் இலை தின்னும் கிளை. மேற்பரப்பில் பளபளப்பு இராது. மெல்லிய மயிர் போர்த்தி மங்கலாகத் தெரியும். புள்ளிகள் பலவாக, பொதுவாக 28 வரை இருக்கும். அதன் புழு மஞ்சளாக, உடல் முழுவதும் முட்களுடன் இருக்கும். இலையின் பச்சையத்தைச் சுரண்டி நரம்பை மட்டும் விட்டு, இலையைச் சல்லடையாக்கியிருந்தால் ஐயமே வேண்டாம். அவற்றைப் பிடித்துச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள், அவரையில் விட்டுவிடாதீர்கள். அசுவினி தின்னும் பொறிவண்டு மெருகேற்றியது போல மினுங்கும். நம் பகுதியில் அதிகம் காணப்படுவது, ஆறுபுள்ளி என்று பெயர் பெற்றிருந்தாலும் புள்ளியைவிட வளைந்து நெளிந்த கருங்கோடுகளே எடுப்பாகத் தெரியும் வகை. (சிறுவயதில் தீப்பெட்டிக்குள் இலை வைத்து வளர்த்தோமே, அந்தப் பொன்வண்டு வேறு, அதற்கும் இதற்கும் தொடர்பில்லை.)

இனி, பந்தலில் வேறு யார் இருக்கிறார்கள் என்று ஒரு காலைப் பொழுதைச் செலவிட்டுத் தேடிப் பாருங்கள். அசுவினிக் கூட்டத்தின் நடுவே, காலில்லாமல், தலைப்பக்கம் கூம்பி, பச்சையாகவோ பழுப்பாகவோ ஒரு புழு நெளிந்தால் அது சிர்ஃபிட் ஈயின் புழு. அதன் தாய், பூவுக்கு எதிரே அசையாமல் அந்தரத்தில் நின்று பறக்கும், சிறு தேனீ போன்ற ஈ. மயிரிழை போன்ற காம்பின் நுனியில் வெண்ணிற முட்டை ஒன்று நின்றால் அது நீங்கள் கேட்ட கண்ணாடி இறக்கைப் பூச்சியினுடையது. இவற்றைவிட எனக்குப் பிடித்தவர் ஒருவர் உண்டு. அசுவினிகளுக்கு இடையே ஒன்றிரண்டு மட்டும் உப்பிப்போய், வைக்கோல் நிறத்தில், காகிதம் போல் காய்ந்து இலையோடு ஒட்டியிருக்கும். உள்ளே ஒரு நுண்குளவியின் குஞ்சு அசுவினியின் உடலைத் தின்று வளர்ந்திருக்கிறது என்பது அதன் பொருள். அந்தக் கூட்டில் வட்டமான துளை இருந்தால் குளவி வெளியேறி, அடுத்த அசுவினியைத் தேடிப் போய்விட்டது. தோட்டத்துக்காரர்கள் இதைச் செத்த பேன் என்று எண்ணி, தாம் அடித்த மருந்து வேலை செய்ததாக மகிழ்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பிறகு ஏன் அசுவினி குறையவில்லை? இரண்டு காரணங்கள். முதலாவது கணக்கு. நம் வெப்பநாட்டில் அசுவினிக்கு ஆண் துணையும் தேவையில்லை, முட்டையிட வேண்டிய வேலையும் இல்லை. பெண் நேராகவே குட்டி போடுகிறது, அந்தக் குட்டி ஒரு வாரம் பத்து நாளில் தானும் தாயாகிவிடுகிறது. பொறிவண்டுக்கோ முட்டையிலிருந்து வண்டாக இரண்டு முதல் மூன்று வாரம் பிடிக்கும். ஆகையால் எந்தத் தோட்டத்திலும் பூச்சி முன்னே ஓடும், அதைத் தின்பவன் பின்னேதான் வருவான். அந்த இடைவெளியில் நாம் பொறுமை இழந்து சோப்புக் கரைசலைத் தெளிக்கிறோம். சோப்பும் எண்ணெயும், மேலே பட்ட எந்த மெல்லுடல் பூச்சியையும் கொல்லும். இது அசுவினி, இது பொறிவண்டின் புழு என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. தெளிப்புக்குத் தப்பிய நான்கு அசுவினி ஒரு வாரத்தில் நூறாகும். செத்த புழு திரும்ப வராது.

இரண்டாவது காரணம் எறும்பு. அசுவினி கழிக்கும் தேன் போன்ற கழிவுக்காக எறும்புகள் அதை மாடு மேய்ப்பது போல மேய்க்கின்றன. பொறிவண்டின் முட்டையைத் தூக்கிப் போடுகின்றன, புழுவைக் கடித்து விரட்டுகின்றன. உங்கள் இலைகளில் கரும்பூசணம் படர்ந்திருப்பதும் அதே கழிவின்மேல்தான். பந்தல் கால் ஒவ்வொன்றிலும், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் துணி சுற்றி, அதன்மேல் கிரீஸ் தடவுங்கள். கொடியின் தண்டில் நேரடியாகத் தடவக் கூடாது. அட்டையோ நாடாவோ சுற்றி அதன்மேல் தடவ வேண்டும். மதிலையோ முருங்கையையோ தொட்டுக்கொண்டிருக்கும் கொடி ஒன்று இருந்தாலும் எறும்புக்கு அது பாலமாகிவிடும், வெட்டிவிடுங்கள்.

முட்டை அட்டையைப் பற்றி: கண்ணாடி இறக்கைப் பூச்சியின் புழு அசுவினியைத் தின்பதில் வல்லது, அதில் மறுப்பில்லை. ஆனால் பசித்தால் உடன்பிறந்ததையும் தின்னும். கூரியரில் இரண்டு மூன்று நாள் வெயிலில் கிடந்து வழியிலேயே பொரித்துவிட்டால், உங்கள் கைக்கு வரும்போது எத்தனை மிஞ்சும் என்று எண்ணிப் பாருங்கள். எறும்பு இருக்கும் பந்தலில் அட்டையைக் கட்டுவது எறும்புக்கு விருந்து வைப்பதாகும். விலைக்கு வாங்கியோ வரவழைத்தோ விட வேண்டிய சந்தர்ப்பம் வேறு. பப்பாளி மாவுப்பூச்சி 2008-இல் கோயம்புத்தூரில் முதலில் தென்பட்டு, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று எல்லாவற்றையும் வெளுக்க வைத்தது நினைவிருக்கும். அது அயல்நாட்டுப் பூச்சி. அதன் எதிரி இங்கே இல்லை. ஆகவேதான் 2010-இல் போர்ட்டோரிகோவிலிருந்து அசரோபேகஸ் பப்பாயே என்னும் நுண்குளவியைத் தருவித்து விட்டார்கள். அது பரவிய இடங்களிலெல்லாம் மாவுப்பூச்சி அடங்கியது. அசுவினியின் எதிரிகளோ உங்கள் வேலிக்குள்ளேயே குடியிருக்கின்றன.

பொங்கலுக்குக் காய் தேற வேண்டுமானால், மிக மோசமாக அப்பியிருக்கும் நுனிகளை மட்டும் கிள்ளி, தோட்டத்துக்கு வெளியே கொட்டுங்கள். கிள்ளும் முன் பொறிவண்டுப் புழுவோ உப்பிய கூடோ அதில் இருக்கிறதா என்று பாருங்கள். தெளிப்பை இன்றோடு நிறுத்துங்கள். மேலுரமாகப் புண்ணாக்குத் தண்ணீர் ஊற்றும் வழக்கம் இருந்தால் அதையும் நிறுத்துங்கள். தழைச்சத்து மிகுந்த இளந்தளிர் அசுவினிக்கு மிகவும் பிடித்தது.

சோழவந்தான் உழவர்:

ஐயா சொன்னவை அனைத்தும் உண்மை. என் அனுபவத்திலிருந்து இரண்டு செய்திகளைச் சேர்க்க விரும்புகிறேன்.

அரை ஏக்கர் கத்தரியில், பத்து வரிசைக்கு ஒரு வரிசை தட்டைப்பயறு விதைப்பது என் வழக்கம். கத்தரி வேர் பிடிக்கும் முன்பே தட்டைப்பயற்றில் கறுப்பு அசுவினி ஏறிவிடும். அதைத் தின்னப் பொறிவண்டு வந்து பெருகும். கத்தரியில் அதன் அசுவினி தலைகாட்டும்போது காவலாள் பக்கத்து வரிசையிலேயே தயாராக இருப்பான். முதல் ஆண்டு, தட்டைப்பயறு முழுவதும் பேனாகக் கிடப்பதைப் பார்த்து என் அண்ணன் அதைப் பிடுங்கச் சொன்னார். பிடுங்காமல் விட்டதால்தான் அந்த ஆண்டு கத்தரிக்கு அசுவினி மருந்து ஒருமுறை கூட வாங்கவில்லை.

இரண்டாவது, எருக்கு. கண்மாய்க் கரையிலும் சாலையோரத்திலும் நிற்கும் எருக்கஞ்செடியின் கொழுந்தைத் திருப்பிப் பாருங்கள். மஞ்சள் அசுவினி அடர்ந்திருக்கும். அரளியிலும் அதே பூச்சிதான். அது எருக்கையும் அரளியையும் அவற்றின் இனத்தையும் விட்டுக் காய்கறிக்கு வராது. ஆனால் அதைத் தின்னும் பொறிவண்டும் சிர்ஃபிட் புழுவும் அவரைக்கும் வரும். அசுவினியோடும் புழுக்களோடும் இருக்கும் எருக்கங்கொழுந்தை மாலை நேரத்தில் ஒடித்து வந்து பந்தல் கொடிகளுக்கிடையே செருகிவிடுங்கள். கொழுந்து வாடியதும் புழுக்கள் தாமாகவே இறங்கி அவரைக்கு நடந்துவிடும். எருக்கம்பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒடித்த கையைக் கழுவாமல் கண்ணைக் கசக்கினால் பெருந்துன்பம்.

நாகமலை வாசகி:

இருவருக்கும் மிக்க நன்றி. கத்தரியில் இருந்தவை மங்கலான வண்டுகளே. நாற்பத்தொன்றைப் பொறுக்கிப் போட்டுவிட்டேன். பந்தல் கால்களில் சித்தெறும்புச் சாரை இரண்டு பக்கமும் ஓடுவதை இத்தனை நாள் பார்த்தும் பாராமலிருந்திருக்கிறேன். இன்று கிரீஸ் தடவினோம். எங்கள் தெருமுனைக் காலி மனையில் எருக்கு நிறைய நிற்கிறது. பந்தலைச் சுற்றித் தட்டைப்பயறும் ஊன்றிவிடலாம் என்று விதை வாங்கி வைத்திருக்கிறேன், நாளைக்கே ஊன்றலாமா?

ஒத்தக்கடை, ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர்:

வேண்டாம் அம்மா, விதையைச் சமையலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சோழவந்தான் நண்பர் சொன்னது கத்தரிக்குப் பொருந்தும், அவரைக்குப் பொருந்தாது. கத்தரியின் அசுவினி வேறு இனம், தட்டைப்பயற்றின் அசுவினி வேறு இனம் என்பதால்தான் அந்த ஏற்பாடு வேலை செய்கிறது. உங்கள் அவரையில் இருப்பதோ தட்டைப்பயற்றில் வரும் அதே கறுப்பு அசுவினி. தட்டைப்பயற்றை விதைத்தால் காவலுக்கு ஆள் வளர்ப்பதற்குப் பதிலாகத் திருடனுக்கே வீடு கட்டிக் கொடுத்ததாக முடியும். அவரைக்கு ஏற்றது சோளம் அல்லது மக்காச்சோளம். அவற்றின் குருத்தில் வரும் அசுவினி புல்லினப் பயிர்களில் வாழ்வது, பயறு வகைக்கு மாறாது. அடுத்த ஆடியில் அவரை ஊன்றும்போதே பந்தலின் இரண்டு பக்கமும் ஒரு வரிசை சோளம் போடுங்கள். இடையில் நான்கு கைப்பிடி கொத்தமல்லியைத் தூவி, கீரைக்குப் பறிக்காமல் பூக்க விடுங்கள். சிர்ஃபிட் ஈயும் கண்ணாடி இறக்கைப் பூச்சியும் வளர்ந்த பின் தேனும் மகரந்தமும் உண்பவை, அந்தப் பூவுக்குத் தவறாமல் வரும்.

கே.கே. நகர் மாடித்தோட்டம்:

தரையில் பயிரிடுபவர்களுக்கு நீங்கள் சொல்வதெல்லாம் சரி. நான்காம் மாடியில் இருபது பைகளில் பயிரிடும் என்னைப் போன்றவர்களின் நிலையையும் சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டு ஆண்டுகள் காத்திருந்து பார்த்தேன். இறக்கை முளைத்த அசுவினி காற்றோடு மேலே வந்துவிடுகிறது. பொறிவண்டு வருவதற்குள் மிளகாய்ச் செடி சுருண்டுவிடுகிறது. சுற்றிலும் சிமெண்டாக இருக்கும் இடத்தில் அதற்கு ஒதுங்க ஒரு புதரும் இல்லை. ஆகவே நான் நாள்தோறும் காலையில் குழாய்த் தண்ணீரை இலையின் அடிப்பக்கத்தில் வேகமாகப் பீய்ச்சுகிறேன். இழுத்து எறியப்பட்ட அசுவினிகளில் பெரும்பாலானவை திரும்ப ஏறுவதில்லை. பத்து நாள் விடாமல் செய்தால் கட்டுக்குள் வந்துவிடுகிறது.

இன்னொரு தவறையும் ஒப்புக்கொள்கிறேன். மஞ்சள் ஒட்டுப்பொறி அட்டைகளை எட்டு இடங்களில் தொங்கவிட்டிருந்தேன். ஒருநாள் உற்றுப் பார்த்தபோது அசுவினியோடு சிர்ஃபிட் ஈக்களும் இரண்டு பொறிவண்டுகளும் ஒட்டிக்கொண்டு செத்திருந்தன. அரிதாக வந்த விருந்தாளியையும் நானே பிடித்துக் கொன்றிருக்கிறேன். இப்போது ஒரே ஓர் அட்டை மட்டும், பூச்சி வரத்தைத் தெரிந்துகொள்ளத் தொங்குகிறது.

மேலும், இலை தேமலாகிச் சுருங்கிப்போன மிளகாய்ச் செடிக்கு எந்தப் பொறிவண்டும் உதவாது. அசுவினி ஒரு நிமிடத்திற்குள் ஊசி போடுவது போலக் குத்தி நச்சுயிரியைச் செலுத்திவிட்டுப் போய்விடும். அதற்குப் பிறகு அதைத் தின்று என்ன பயன்? அப்படிப்பட்ட செடியைப் பிடுங்கிவிடுவதே நல்லது.

நாகமலை வாசகி (தை பிற்பகுதியில்):

நடந்ததைப் பதிவு செய்ய வேண்டும் என்பதால் எழுதுகிறேன். பொங்கலுக்கு எங்கள் பந்தலிலிருந்து காய் கிடைக்கவில்லை. அன்றைக்குச் சமைத்த மொச்சையும் அவரையும் உழவர் சந்தையில் வாங்கியவை. தெளிப்பை நிறுத்திய முதல் வாரம் அசுவினி முன்னைவிட அதிகமாகவே ஆயிற்று. மாமியார் இரண்டு முறை சாம்பல் தட்டோடு வந்து நின்றார். கெஞ்சித்தான் திருப்பி அனுப்பினேன்.

எருக்கங்கொழுந்து பதினைந்து ஒடித்து வந்து செருகினோம். மறுநாளே புழுக்கள் அவரையில் ஊர்ந்தன. ஒன்பதாம் நாள் பந்தலின் கிழக்குப் பக்கத்தில் பூங்கொத்துகளின் பச்சைக் காம்பு மீண்டும் கண்ணுக்குத் தெரிந்தது. பதினான்காம் நாள், ஐயா சொன்ன உப்பிய வைக்கோல்நிறக் கூடுகளை ஓர் இலையில் மட்டும் இருபத்திரண்டு எண்ணினேன். பாதியில் துளை இருந்தது. இலைகளில் வெள்ளை வெள்ளையாகக் கிடந்தவற்றைக் கண்டு வேறு பூச்சியோ என்று பயந்துவிட்டேன். உருப்பெருக்கியில் பார்த்த பிறகே, அவை அசுவினி உரித்துப் போட்ட தோல் என்று தெரிந்தது.

மேற்குப் பக்கம் தேறவில்லை. அங்கே பக்கத்து வீட்டுச் சுற்றுச்சுவரில் கொடி சாய்ந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. எறும்பு அந்த வழியாகத் தடையின்றி வந்துகொண்டிருந்திருக்கிறது. அந்த மூன்று கொடிகளையும் வெட்டி எடுத்துவிட்டோம். மிளகாயில் தேமல் கண்ட இரண்டு செடிகளையும் பிடுங்கினேன். வெட்டிய கொடிகளை உடனே எரிக்காமல், கூடுகளில் இருக்கும் குளவிகள் வெளியேறட்டும் என்று வேலியோரம் நான்கு நாள் போட்டு வைத்தோம். நேற்று கிழக்குப் பக்கத்திலிருந்து முக்கால் கிலோ அவரை பறித்தேன், பிசுபிசுப்பு இல்லை.

துணிக்கொடியில் மாட்டியிருந்த கிளிப் ஒன்றில் ஆரஞ்சு நிறக் கூட்டுப்புழு ஒட்டியிருக்கிறது. அந்தக் கிளிப்பை யாரும் எடுக்க வேண்டாம் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.